நீ ஆற்ற பிள்ளை?

இலங்கையின் கிழக்கில் இருக்கும் திருகோணமலைதான் எங்கள் ஊர். இங்கே வயதானவர்கள் பெயரைக் கேட்பதில்லை. வாசலில் போய் நின்றால், கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நீ ஆற்ற பிள்ளை?", அதாவது நீ யாருடைய பிள்ளை என்றுதான் கேட்பார்கள். சின்ன வயதில் நான் அப்பாவின் பெயரைச் சொல்வேன். சிலர் தலையாட்டுவார்கள். பலர், "அது சரி மகன், தாய் ஆர்?" என்று மறுபடி கேட்பார்கள். அம்மாவின் பெயரைச் சொன்னதும் முகம் மலரும். "ஓ, அந்த வளவுப் பிள்ளையோ, வா உள்ளுக்கு" என்று கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவார்கள். வளவு என்றால் வீடும் அதைச் சுற்றிய காணியும். அந்த இரண்டாவது கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கியது ஓய்வுபெற்ற பிறகுதான்.

2019இல், 65 வயதில், பல்கலைக்கழகத்தில் இருந்து ஓய்வுபெற்றேன். அன்றிலிருந்து செய்துவரும் வேலை குடும்ப வரலாறு தேடுவதும் எழுதுவதும். முதலில் என்னுடைய குடும்பம், அப்புறம் கேட்டு வந்தவர்களுடையது. "சேர், நீங்கள் புவியியல்காரர், இதற்குள் எப்படி வந்தீர்கள்?" என்று பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். நான் பார்த்த வேலைகளை வரிசையாகச் சொன்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதது போலத்தான் தெரியும். எனக்கோ, ஒவ்வொன்றும் கையில் ஒரு கருவியைத் தந்துவிட்டுப் போனது போல இருக்கிறது.

1970களில் பேராதனையில் படித்தேன். அங்கே நில அளவைக்குச் சங்கிலி பிடித்தோம், எல்லைக் கல் தேடினோம், பழைய படத்துக்கு மேலே புதிய படத்தை வைத்து எது நகர்ந்திருக்கிறது என்று பார்த்தோம். பட்டம் முடிந்ததும் மூதூரில் ஆசிரியர் வேலை. திங்கட்கிழமை விடிய லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்து போனால் வெள்ளி பின்னேரம்தான் வீடு.

1981 மார்ச்சில் குடிசன மதிப்பீட்டுக்கு ஆசிரியர்களையும் எடுத்தார்கள். எனக்கும் ஒரு பகுதி கிடைத்தது. வீடு வீடாகப் போய், குடும்பத் தலைவருக்கு இவர் என்ன முறை என்று எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில்தான் தடுமாறினேன். ஒரு வீட்டில் அந்த அம்மா "என்ர மகன்" என்று சொன்ன பையன் அவவுடைய தங்கச்சி பெற்ற மகன். இன்னொரு வீட்டில் எல்லாரும் "அம்மா" என்று கூப்பிட்டது பெரியம்மாவை. யாரும் பொய் சொல்லவில்லை. தமிழில் பெரியம்மாவும் அம்மாதான், தங்கச்சி பிள்ளையும் பிள்ளைதான். வீட்டுக்குள் வாழ்வதற்கு அது அழகான முறை. வம்சாவளி எழுதுகிறவனுக்கு அதுவே முதல் குழி.

அந்தக் குழியைத் தாண்டும் வழி பல வருஷம் கழித்து, மானிடவியல் பாடம் ஒன்றுக்காக வாசித்தபோது கிடைத்தது. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1898இல் ஓர் ஆய்வுக் குழுவோடு டொரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போனார். பிறகு நீலகிரியில் தோடர்களிடமும் வேலை செய்தார். வம்சாவளி கேட்கும்போது தந்தை, தாய், பிள்ளை, கணவன், மனைவி என்ற ஐந்து சொற்களை மட்டுமே வைத்துக்கொண்டார். அண்ணன், மாமா, மச்சான் என்ற பேச்சே கேள்வியில் வராது. நான் அதை எங்கள் வாய்க்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொண்டேன். "உங்களைப் பெற்ற தாய் ஆர்?" "அவ பெற்ற பிள்ளைகள் எத்தனை? மூத்ததில் இருந்து சொல்லுங்கோ. சின்னதிலேயே போன பிள்ளை இருந்தால் அதையும் சொல்லுங்கோ." பெற்ற என்ற ஒரு சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் வராது. உங்கள் வீட்டில் தொடங்கப்போகிறீர்கள் என்றால் இதிலிருந்து தொடங்குங்கள்.

1990இல் போரால் ஊரை விட்டு ஓடினோம். பேசாலையில் இருந்து படகு, இராமேஸ்வரம், பிறகு மண்டபம் அகதி முகாம். அலுமாரியும் அதற்குள் இருந்த உறுதிகளும், அதாவது காணிப் பத்திரங்களும், அம்மாவின் கலியாணப் படமும் வீட்டோடு போயின. அம்மா ஒரு சின்ன றங்குப் பெட்டியை மட்டும் மடியில் வைத்தபடி கடலைக் கடந்தா. அதற்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. அவவும் சொல்லவில்லை. முகாமில் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். பிறகு சென்னையில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தேன். மூலத்தையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி விரலை ஓட்டுகிற வேலை. தெரிந்த சொல்லை மனம் தானாகவே சரியாக வாசித்துவிடும், அதனால் தெரிந்த சொல்லில்தான் பிழை தப்பும் என்று அங்கே இருந்த மூத்தவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தப் பேச்சின் முழு அர்த்தமும் சின்னம்மாவின் உறுதியைக் கையில் எடுத்த நாளில்தான் எனக்குத் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1994இல் திரும்பி வந்தேன். மேற்படிப்பு, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை, பிறகு கோணேசபுரியில் திருகோணமலை வளாகம் என்று காலம் ஓடியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சில வாரம் நாங்கள் யாரும் பாடம் நடத்தவில்லை. தங்குமிடங்களில் ஆட்களின் பட்டியல் எடுத்தோம். ஒருவர் தன் பிள்ளைகளைச் சொன்னார். இருப்பவர், போனவர் என்று பிரிக்கவில்லை. ஐந்து பெயரையும் பிறந்த வரிசையில் சொன்னார். நான் பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து அவரே, "மூண்டாவதும் கடைசியும்" என்றார். அன்றைக்குப் பிறகு யாரிடமும் "உயிரோடு இருக்கிறாரா?" என்று முதலில் கேட்டதில்லை. எல்லாப் பெயரையும் பிறந்த வரிசையில் வாங்கிக்கொள்வேன். மற்றதை அவர்கள் சொல்லும் நேரத்தில் சொல்வார்கள்.

அம்மா 2016இல் காலமானா. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, கன்னியாவில் வெந்நீர்க் கிணற்றடிக்குப் போய்வந்த அன்று இரவு றங்குப் பெட்டியைத் திறந்தேன். மேலே ஒரு பழைய சேலை. அதற்குள் சுற்றி ஒரு சாதக ஓலை, நாலு பக்க உறுதி ஒன்று, பத்திரிகையில் இருந்து வெட்டிய மரண அறிவித்தல்கள் ஒரு கட்டு. அவ்வளவுதான். நகை இல்லை. ஒரு குடும்பத்தின் ஆவணக் காப்பகத்தை அம்மா மடியில் வைத்துக் கடல் தாண்டியிருக்கிறா. பழைய படங்களோடும் தாள்களோடும் வேலை செய்துகொண்டே நான் ஒருநாளும் கேட்காமல் இருந்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் இருந்து, அவர்கள் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, இது ஆருடையது, ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

அந்தப் பெட்டியோடு நான் மூன்று வருஷம் தவறான பாதையில் போனதை விவரமாகச் சொல்லவேண்டும். இந்த வேலையில் நான் படித்த பெரிய பாடம் அது.

ஓலையில் இருந்த பெயர் என் பூட்டியின் பெயர், அதாவது அம்மாவின் அம்மம்மா. பிறந்தது தாது வருஷம் புரட்டாதி மாதம் என்று எழுதியிருந்தது. தமிழ் வருஷம் 60க்கு ஒருமுறை திரும்பி வரும் என்பது தெரிந்ததுதான். தாது என்றால் 1876, 1936, 1996. பூட்டி 1876இல் பிறந்திருக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டேன். உறுதி 1951ஆம் ஆண்டு நன்கொடை உறுதி. அம்மம்மா தன் வளவின் ஒரு துண்டை அதே பெயருக்குக் கொடுத்திருக்கிறா. சரி, 75 வயதுத் தாய்க்கு மகள் ஒரு துண்டு காணி எழுதிக் கொடுத்திருக்கிறா என்று விளங்கிக்கொண்டேன். மகளிடம் இருந்து தாய்க்குக் காணி போவது எங்கள் பக்கத்தில் விசித்திரமானது. ஏன் என்று யோசித்து ஒரு காரணமும் கண்டுபிடித்து, அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன்.

ஆனால் மூத்த மாமி ஒருவர் மட்டும், "கிழவி ஜப்பான்காரன் குண்டு போடுறதுக்கு முன்னமே செத்துப்போச்சுது" என்று ஒவ்வொரு முறையும் சொன்னா. குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. உறுதியோ 1951. நான் தாளை நம்பினேன். மாமிக்கு மறதி என்று குறிப்பில் எழுதினேன். அந்த வரியை இன்றைக்கும் அழிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

ஒருநாள் தம்பலகாமத்தில் பஞ்சாங்கம் கணிக்கிற முதியவர் ஒருவரிடம் ஓலையைக் காட்டினேன். எழுத்துத் துலங்க மஞ்சளோ கரியோ பூசினேனா என்று முதலில் கேட்டார். ஒன்றும் பூசவில்லை, ஜன்னல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிட்டு வாசித்தேன் என்றேன். நல்லது என்றார். நீங்களும் ஓலை கிடைத்தால் எதையும் தேய்க்காதீர்கள். கீறல் எழுத்துக்குச் சாய்ந்த வெளிச்சம் போதும், போன் கமராவில் நன்றாக விழும். அவர் கட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஆருடைய ஓலை எண்டு சொன்னீங்கள்?" என்றார். பூட்டியுடையது, 1876 என்றேன். "இல்லை தம்பி. இது 36."

எப்படி என்று கேட்டேன். வியாழன் ஒரு சுற்று வர ஏறத்தாழ 12 வருஷம், சனி ஒரு சுற்று வர ஏறத்தாழ 30. அதனால் 60 வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அவற்றை வைத்து எந்தத் தாது என்று பிரிக்க முடியாது. "ராகுவைப் பாருங்கோ. அவருக்குப் பதினெட்டரை வருஷக் கணக்கு. அறுபதுக்குள்ள அடங்கமாட்டார்." 1876 புரட்டாதியில் ராகு கும்பத்தில் இருந்திருக்கவேண்டும். இந்த ஓலையில் ராகு தனுசில். 1936.

நான் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். 1936இல் அந்தப் பெயரில் பிறந்தது ஆர்?

வீட்டுக்கு வந்து உறுதியை எடுத்தேன். மூன்று வருஷமாக நான் முதல் பக்கத்தையும் எல்லைகளையும்தான் வாசித்திருக்கிறேன். பெயர் தெரிந்த பெயர், அதனால் மனம் தானாகவே வாசித்து முடித்துவிட்டது. மெய்ப்புப் பார்த்த காலத்துப் பழக்கத்தில் விரலை வரிக்கு வரி வைத்து ஓட்டினேன். மூன்றாம் பக்கம், கடைசிக்கு முதல் வரி: கொடையைப் பெறுபவர் பராயமடையாதவர் ஆகையால் அவர் சார்பில் அவருடைய தாய்மாமன் ஏற்றுக்கொள்கிறார். அந்தக் காலத்தில் பராயமடையும் வயது 21. பெற்றுக்கொண்டது 75 வயதுக் கிழவி அல்ல, 15 வயதுப் பிள்ளை.

அது என் சின்னம்மா. அம்மாவுக்கு மூன்று வயது இளையவ. நான் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் போய்விட்டா. வீட்டில் எல்லாரும் அவவைக் கிளி என்றுதான் சொல்வார்கள். பதிவுப் பெயர் பூட்டியின் பெயர் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. தாயின் பெயரை மகளுக்கு வைத்துவிட்டார்கள். ஆனால் பெற்ற தாயின் பெயரை வாய்விட்டுக் கூப்பிட அம்மம்மாவுக்கு மனம் வரவில்லை. அதனால் வீட்டுக்கு ஒரு பெயர், எழுத்துக்கு ஒரு பெயர். இதை உறுதிப்படுத்தியது அதே மாமிதான். "ஓ, கிளிக்குக் கிழவியின்ர பேர்தானே" என்று சாதாரணமாகச் சொன்னா. நான் மூன்று வருஷமாகக் கிழவியைப் பற்றிக் கேட்டேனே ஒழிய, அந்தப் பெயர் வேறு ஆருக்கும் இருந்ததா என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

பிறகு மாமி சொன்ன காலத்தை வைத்தே, குண்டுக்கு முந்திய பத்து வருஷத்து இறப்புப் பதிவுகளைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தேடிக் கேட்டேன். 1938இல் பூட்டி கிடைத்தா. வயது ஏறத்தாழ 60 என்று எழுதியிருந்தது. மாமி சொன்னதுதான் சரி.

எங்கள் பெயர்முறைக்குள் இந்த விபத்து எப்போதும் காத்திருக்கிறது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். அடுத்த தலைமுறையில் அந்த முன்பெயர் கழன்றுவிடும். பெண்ணுக்குக் கலியாணத்தோடு பெயரின் முன்பாதியே மாறிப்போகும். அதோடு பாட்டன் பெயர் பேரனுக்கு. பேரன் என்ற சொல்லே பெயரன், பெயரைத் தாங்குகிறவன் என்பதில் இருந்து வந்தது. ஈழத்துப் பேச்சில் பேரன் என்றால் பாட்டனும் ஆவார், பிள்ளையின் பிள்ளையும் ஆவான். பழைய கடிதம் ஒன்றில் 'பேரன் தந்த காணி' என்று வந்தால் காணி மேலே இருந்து கீழே வந்ததா, கீழே இருந்து மேலே போனதா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே பெயரை மட்டும் வைத்து இரண்டு தாள்களை ஒன்றாக்காதீர்கள். பெயரோடு இன்னும் இரண்டு விஷயமாவது பொருந்தவேண்டும் என்று நான் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: வளவு, துணையின் பெயர், தாயின் பெயர், பிறந்த காலம், இவற்றில் இரண்டு.

காலத்தை எப்படிக் கேட்பது என்பதும் ஒரு பழக்கம்தான். "எந்த வருஷம்?" என்று கேட்டால் பெரியவர்கள் நம்மைத் திருப்திப்படுத்த ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார்கள். நான் ஊரின் சம்பவங்களை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். ஜப்பான் குண்டு 1942. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனது 1957. கோணேசர் கோயில் கும்பாபிஷேகம் 1963. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 மார்கழி. மட்டக்களப்புப் புயல் 1978 கார்த்திகை. அப்புறம் 83 கலவரம், 90இல் ஊரை விட்டு ஓடியது, சுனாமி. "குண்டு போட்டபோது நீங்கள் நடந்து ஓடினீர்களா, ஆரும் தூக்கிக்கொண்டு ஓடினார்களா?" என்று கேட்டால் வயது தானாக வந்துவிடும். ஒரு அப்பு, "எனக்கு அப்ப காற்சட்டை இல்லை" என்றார். அதைவிடத் துல்லியமான பதில் வேண்டியதில்லை.

இனித் தாள்களைப் பற்றி. எங்கள் நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் தந்தை, தாயின் பெயர் மட்டுமல்ல, பாட்டனாரின் பெயரும் அவர் பிறந்த ஆண்டும் இடமும் கேட்கிற கட்டமும் உண்டு. நிரப்பியிருந்தால் ஒரே தாளில் மூன்று தலைமுறை. அதில் அறிவித்தவர் யார் என்பதையும் பாருங்கள். தகப்பன் அறிவித்திருந்தால் ஒரு நம்பிக்கை, ஊர்த் தலைமை அலுவலரான விதானையார் அறிவித்திருந்தால் வேறு நம்பிக்கை. பழைய பள்ளிக்கூடங்களின் சேர்விடாப்பும், அதாவது பிள்ளைகளைச் சேர்த்த பதிவேடும், நல்ல மூலம். பதிவே செய்யாமல் விட்ட பிள்ளைகள்கூட அதில் இருப்பார்கள்.

மரண அறிவித்தல்களை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அவை தங்கம். வீரகேசரி 1930இல் இருந்து வருகிறது. "இன்னாரின் அன்புக் கணவரும், காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் சிரேஷ்ட புத்திரரும், இன்னாரின் மைத்துனரும்" என்று போகும் அந்த ஒரே நீண்ட வாக்கியம் ஒரு முழு வம்சாவளி. அதில் காலஞ்சென்ற என்ற சொல்லைத்தான் நான் முதலில் அடிக்கோடிடுவேன். அந்தத் தேதிக்கு முன் யார் யார் போய்விட்டார்கள் என்று அது சொல்லும். இரண்டு அறிவித்தல்களை ஒப்பிட்டால், ஒன்றில் வெறும் பெயராகவும் அடுத்ததில் காலஞ்சென்றவராகவும் வருபவர் இரண்டுக்கும் இடையில் இறந்திருக்கிறார். முப்பத்தோராம் நாளில் அச்சடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்திலும் இதே விஷயம் இன்னும் விரிவாக இருக்கும். அதில் திதி வெண்பாவைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வருஷம், மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்ற பக்கம், திதி எல்லாம் அந்த நாலடிக்குள் இருக்கும். சாப்பாடு முடிந்ததும் அந்தப் புத்தகங்கள் பந்தலில் கிடக்கும். நான் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு வாங்கிச் சேர்க்கிறேன்.

ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் உறுதியைத்தான் எடுப்பேன். புவியியல் படித்த கண் எனக்கு அங்கேதான் உதவுகிறது. ஒவ்வொரு உறுதியிலும் நாலு எல்லை இருக்கும். வடக்கு இன்னாரின் வளவு, கிழக்கு ஒழுங்கை, தெற்கு இன்னாரின் வளவு, மேற்கு இன்னாரின் காணி. அந்த இன்னார்கள் வெறும் அயலவர்கள் அல்ல. ஒரு பெரிய வளவு பெண்பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகப் பிரிந்தபோது, அடுத்தடுத்த துண்டில் இருந்தவர்கள் அக்கா தங்கச்சிகள். எங்கள் கிழக்கில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மட்டக்களப்புப் பக்கம் குடி என்ற குலப்பிரிவே தாய் வழியாகத்தான் வரும், அதை வயிற்றுவார் என்பார்கள். பெயர் ஆண் வழியில் போகிறது, வளவு பெண் வழியில் போகிறது. பெயரைத் துரத்தினால் மூன்றாம் தலைமுறையில் வழி அறுந்துவிடும். வளவைப் பிடித்துப் போனால் ஐந்து, ஆறு தலைமுறை வரை போகலாம். வாசலில் நின்ற பையனிடம் "தாய் ஆர்?" என்று அந்தப் பெரியவர்கள் கேட்டது இதற்காகத்தான்.

இதைவிடப் பழைய காலத்துக்குப் போகச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். கவிராச வரோதயரின் கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூலில், குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயில் தொண்டுக்குக் குடிகளைக் கொண்டுவந்து தானத்தார், வரிப்பத்தார் என்று கடமை பிரித்துக் கொடுத்த கதை இருக்கிறது. எங்கள் குடும்பத்தை அந்த வரிசையில் கொண்டுபோய்ச் சேர்த்துத் தாருங்கள் என்பார்கள். அந்த ஆசை எனக்கு விளங்கும். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். அப்படி வேரைப் பறிகொடுத்த ஊரில், வேர் இதுதான் என்று ஒன்றைச் சொல்ல மனம் தவிக்கும். ஆனால் என்னால் சேர்க்க முடியாது. கோயில் திருவிழாவில் இந்தக் குடும்பத்துக்கு இந்த நாள் உபயம், அதை இத்தனை தலைமுறையாகச் செய்கிறார்கள் என்பதை எழுதுவேன். அதற்கு மேலே ஒரு வெற்றிடம் விடுவேன். அந்த வெற்றிடத்தை நான் கற்பனையால் நிரப்பினால், நாளைக்கு அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று உண்மையான தாளோடு வரும்போது அதை வைக்க இடம் இருக்காது.

எழுதும்போது நான் ஒரு குடும்பத்தை நோகடித்தும் இருக்கிறேன். எடுத்து வளர்த்த பிள்ளை என்ற விவரம் எனக்குப் பதிவில் கிடைத்தது. பதிவில் இருப்பதுதானே என்று எழுதி, போட்டோகொப்பி எடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது 50 வயது. அவருக்கு அது தெரியாது. வெளிநாட்டில் இருந்து அவருடைய அக்கா இரவு போன் எடுத்தா. கோபப்படவில்லை, அழுதா. "சேர், அம்மா அவனைப் பெறேல்ல எண்டு எங்களுக்கே மறந்துபோச்சுது" என்றா. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், பிரதிகளைத் திரும்ப வாங்கினேன். ஆனால் வாசித்ததை வாங்க முடியாது. அன்றில் இருந்து இரண்டு கொப்பி வைத்திருக்கிறேன். ஒன்றில் தெரிந்ததெல்லாம் இருக்கும், அது என் அலுமாரியை விட்டு வெளியே போகாது. மற்றதில் உயிரோடு இருப்பவர் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிய பகுதியை வாசித்துச் சம்மதித்தது மட்டும் இருக்கும். பெற்ற என்ற சொல் தேடும்போது எவ்வளவு உதவுகிறதோ, எழுதும்போது அவ்வளவு வெட்டும்.

எழுதும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் நான் ஆய்வுக் கட்டுரை போல எழுதினேன். மரப்படம், அட்டவணை, எண்கள். சொந்தக்காரர்கள் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடி வைத்தார்கள். இப்போது வீடு வீடாக எழுதுகிறேன். ஒரு வளவு, அங்கே இருந்த கிணறு, யார் யார் அங்கே பிறந்தார்கள், யாருக்கு அது சீதனமாகப் போனது, யார் விட்டு ஓடினார்கள், திரும்பி வந்தபோது என்ன மிஞ்சியிருந்தது. ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தத் தாள், எந்தத் தேதியில் கேட்டேன் என்று குறிப்பேன். தவறு என்று தெரிந்தால் பழையதை அழிக்காமல் கீழே திருத்தம் எழுதுவேன். அதனால்தான் மாமிக்கு மறதி என்ற என் வரி இன்னும் அங்கே இருக்கிறது, அதன் கீழே ராகுவும் இருக்கிறது.

சின்னம்மாவின் உறுதியில் தெற்கு எல்லையில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. பூட்டியின் தங்கச்சியாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கையில் ஒரு பொருத்தம்தான் இருந்தது, வளவு மட்டும். அந்தப் பெண்ணின் வழியில் வந்தவர்கள் தம்பலகாமத்தில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன வருஷம் ஆவணியில் போனேன். வயல் வெட்டி முடிந்திருந்தது. முற்றத்தில் நெல் காய்ந்தது. 90 வயது மதிக்கத்தக்க ஒரு ஆச்சி கதிரையில் இருந்தபடி தடியால் கோழி கலைத்துக்கொண்டிருந்தா. கண்ணுக்கு மேலே கையை வைத்து என்னைப் பார்த்தா.

"நீ ஆற்ற பிள்ளை?"

நான் அப்பாவின் பெயரைச் சொல்லவில்லை. அம்மாவின் பெயரைச் சொன்னேன். அம்மாவைப் பெற்ற தாயின் பெயரைச் சொன்னேன். அவவைப் பெற்ற தாயின் பெயரைச் சொன்னேன். ஆச்சி தடியைக் கீழே போட்டா. நாலாவது பெயர் எனக்குத் தெரியாது, அதைக் கேட்கத்தான் போயிருந்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவவே கண்ணை மூடிக்கொண்டு அங்கிருந்து சொல்லத் தொடங்கினா. நான் கொப்பியை எடுத்து நிலத்தில் உட்கார்ந்தேன்.